சாந்தா மூன்று முறை கூப்பிட்டாள்

மஞ்சள் ஹெல்மெட் ஒன்று புல்லில் உருண்டு போய், வீட்டோரமாக ஓடும் லோங்காங் சாக்கடைக்குள் விழுந்தது. நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

அப்போது நான் ஓர் அங்சானா மரத்தில், இரண்டு மாடி உயரத்தில், இடுப்புப் பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தேன். கையில் செயின்சா. வெட்டிய கிளை அந்த நொடிதான் தரையைத் தொட்டிருந்தது. இலைகளின் சலசலப்பு இன்னும் அடங்கவில்லை. அங்சானாவை வெட்டினால் ரத்தம் மாதிரிச் சிவப்பாகப் பால் வடியும். அது என் கையுறையில் பிசுபிசுத்தது.

ஹெல்மெட் யாருடையது என்று எனக்குத் தெரியும். எங்கள் குழுவில் மஞ்சள் ஹெல்மெட் போடுகிறவள் சாந்தா ஒருத்திதான். கீழே நின்று கயிறு பிடிப்பவள், தரையைப் பார்த்துக்கொள்பவள். ஹெல்மெட் தெரிந்தது. சாந்தாவைக் காணவில்லை.

பிறகு இலைக் குவியலுக்கு நடுவில் ஒரு கால் அசைந்தது.

இந்தத் தொடரை எழுத ஒப்புக்கொண்டபோதே, இந்த ஒரு நாளை மட்டும் எப்படியாவது தாண்டிப் போய்விடலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் போன வாரம் கேரித் தீவில் நான் பாம்போடு பட்ட பாட்டைப் படித்த வாசகி ஒருவர், "உங்களோடு ஒரு அக்கா வேலை செய்தார்களே, அவர்களைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை?" என்று கேட்டிருந்தார். ஏன் இல்லை என்றால், எழுதக் கூச்சமாக இருந்தது. வேறு காரணம் இல்லை.

எங்கள் தொழில்

சொந்தக்காரர்கள் என்னை "மரம் வெட்டுறவர்" என்றுதான் சொல்வார்கள். திருத்தி அலுத்துவிட்டது. பட்ட கிளையை எடுப்பது, கூரை மேல் சாய்ந்ததைக் குறைப்பது, அடிமரம் உள்ளே உளுத்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது, இவைதான் எங்கள் வேலை. முழு மரத்தையும் சாய்ப்பது வேறு வழியே இல்லாதபோதுதான்.

நான் கிள்ளானில் ஆரம்பித்தேன். ஒரு பாராங் கத்தி, ஹார்ட்வேர் கடையில் வாங்கிய நீல நைலான் கயிறு, கால்பந்து ஆடும் சப்பாத்து. அதோடு தென்னை மரமெல்லாம் ஏறியிருக்கிறேன்.

லோரி ஓட்டி, கிளைகளை அரைக்கும் மெஷினையும் பார்த்துக்கொள்பவர் அஸ்மான். மலாய்க்காரர். எங்களோடு பழகிப் பழகி அரைத் தமிழ் பேசுவார். சாந்தாவைக் கொண்டுவந்து விட்டதும் அவர்தான். தெலுக் பங்லிமா காராங்கில் இருவருக்கும் ஒரே வரிசை வீடு.

சாந்தா கேரித் தீவுத் தோட்டத்தில் வளர்ந்தவள். தொழிற்சாலையில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். "நாள் பூரா லைட்டுக்குக் கீழயே நின்னா தலை சுத்துது அண்ணே, வெளி வேலை ஏதும் இருந்தா சொல்லுங்க" என்று வந்தாள். நாற்பதைத் தாண்டியவள் இதைச் செய்வாளா என்று எனக்குச் சந்தேகம். ஒரே வாரத்தில், அடிமரத்தில் கட்டும் இரும்பு உருளையில் கயிற்றைச் சுற்றி, என்னைவிடக் கனமான கிளையைப் பூப்போல இறக்கிவிட்டாள். அதன் பிறகு அவள் கீழே இல்லாத நாளில் எனக்கு மேலே கால் ஊன்றாது.

எங்களுக்குள் ஒரே ஒரு விதி. கிளையை விடும் முன் நான் மேலிருந்து "போடப் போறேன்" என்று கத்த வேண்டும். அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு "சரி" என்று கத்த வேண்டும். அந்தச் "சரி" வராமல் செயின்சா வாள் ஓடக் கூடாது.

எதை வாங்கினேன், எதைக் கழற்றினேன்

ஏறுகிற சாமான்கள் விஷயத்தில் நான் கஞ்சத்தனம் பார்த்ததில்லை. ஏறும் கயிற்றில் ஒரு நூல் பிரிந்திருந்தால்கூட அதை வெட்டி லோரியில் சாமான் கட்டப் போட்டுவிடுவேன். ஒருமுறை என் கண் முன்னால் வேறொரு குழுவின் ஆள் தன் இடுப்புக் கயிற்றைத் தன் வாளாலேயே அறுத்துக்கொண்டார். பிழைத்துக்கொண்டார். அன்று சாயந்தரமே உள்ளே எஃகுக் கம்பி ஓடும் இடுப்புக் கயிறு சொல்லி வைத்தேன். ஏறுவதற்குச் சப்பாத்தில் மாட்டும் இரும்பு முள்ளை, சாய்க்கப் போகும் மரத்தைத் தவிர வேறு எதிலும் குத்தமாட்டேன். உயிரோடு இருக்கப் போகிற மரத்துக்கு அது புண்.

ஹெல்மெட்டோடு காதுமூடியும் வரும். நல்ல காதுமூடி. அதை நான் மேலே தூக்கிவிட்டுத்தான் வேலை செய்வேன். புதிதாக வருகிறவர்கள் கேட்டால் பெருமையாகவே சொல்வேன்: "கீழ கூப்பிடுறது கேக்கணும் இல்ல? காத மூடிக்கிட்டு மரத்துல நிக்கிறவன் முட்டாளு."

இப்படி இருபது வருடத்துக்கு மேல். பெட்ரோல் செயின்சா, காதுக்கு ஒரு முழம் தள்ளி, நாளெல்லாம்.

அந்த மாதம்தான் பேட்டரியில் ஓடும் சின்ன வாள் ஒன்று வாங்கியிருந்தேன். விசையை விட்டால் அடுத்த நொடியே அமைதி. பெட்ரோல் வாள் மாதிரி உறுமிக்கொண்டே இருக்காது. இனி கீழே இருமினால்கூட எனக்குக் கேட்கும் என்று வசந்தியிடம் சொன்னேன். வசந்தி என் மனைவி. அவள் ஏதோ பதில் சொன்னாள். என்னவென்று நான் கவனிக்கவில்லை. அப்போது அப்படித்தான் நினைத்தேன், கவனிக்கவில்லை என்று.

டீச்சர் வீட்டு மரம்

பெட்டாலிங் ஜெயாவில் பழைய மூலை வீடு. பாக்கியம் டீச்சர் தனியாக இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். வேலியோர அங்சானா கூரை மேல் சாய்ந்துவிட்டது. அந்த வட்டாரத்து வேலைகளை எங்களுக்குக் கொடுக்கும் பராமரிப்புக் கம்பெனி எங்களை அனுப்பியது.

பகல் பதினோரு மணி இருக்கும். வெயில் முதுகைச் சுட்டது, ஆனால் மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று வேகமாகப் போய்க்கொண்டிருந்தோம். வெளியே ரோட்டில் அஸ்மான் மெஷினில் கிளைகளை விட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த கிளை தொடைத் தடிமன், இரண்டு ஆள் நீளம். கயிற்றில் கட்டி இறக்கியிருக்க வேண்டும். கீழே வெறும் புல்தரைதான், நேராகப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். கிளையின் கீழ்ப்புறம் ஒரு வெட்டுக் கொடுத்து, பேட்டரி வாளை நிறுத்தினேன். "போடப் போறேன்" என்று கத்தினேன். குனிந்து பார்த்தேன். மஞ்சள் ஹெல்மெட் வேலியோரம் வழக்கமான இடத்தில் நின்றது.

"சரி" வந்ததா? அந்த நிமிடம் யாராவது கேட்டிருந்தால் வந்தது என்று சத்தியம் செய்திருப்பேன். உண்மை என்னவென்றால், பல மாதங்களாக நான் அந்தச் "சரி"யைக் கேட்பதில்லை. இரண்டு மூச்சு விடும் நேரம் காத்திருப்பேன், மஞ்சள் ஹெல்மெட்டைப் பார்ப்பேன், வெட்டுவேன்.

அன்றும் அப்படித்தான். திரும்பி, காலை மாற்றி ஊன்றி, மேல் வெட்டைப் போட்டேன். கிளை முறிந்து போனது.

கீழே இறங்கியது எனக்கு நினைவில்லை. கயிறு உரசி உள்ளங்கை எரிந்தது மட்டும் நினைவிருக்கிறது. கார் நிறுத்தும் இடத்தில் டீச்சர் முழங்காலில் சிராய்ப்போடு உட்கார்ந்திருந்தார். கையில் உடைந்த ஆர்க்கிட் தொட்டியின் ஓடு. அவர் பூந்தொட்டியை எடுக்கத் தோட்டத்துக்குள் வந்திருக்கிறார். சாந்தா ஓடிவந்து அவரைத் தள்ளிவிட்டிருக்கிறாள். கிளையின் நுனிப்பக்கம் சாந்தாவின் தோளில் இறங்கியிருக்கிறது. கனமான அடிப்பக்கம் இறங்கியிருந்தால் அவள் பிழைத்திருக்க மாட்டாள்.

ரோட்டிலிருந்து ஓடிவந்த அஸ்மானும் நானும் இலைகளை விலக்கினோம். தோள்பட்டை எலும்பு தோலுக்கு அடியில் கூடாரம் மாதிரி முட்டிக்கொண்டு நின்றது. முகம் சாம்பலாக இருந்தது. அந்த நிலையில் கிடந்தவளிடம் நான் கேட்டேன்:

"ஏன் உள்ள வந்த? கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்பிட்டேன் அண்ணே."

"எங்க கூப்பிட்ட? வெட்டுறதுக்கு முன்னாடி வாளு கூட ஓடல. கூப்பிட்டிருந்தா எனக்குக் கேக்காதா?"

"மூணு தடவ கூப்பிட்டேன்."

"பொய் சொல்லாத சாந்தா."

வலியைக்கூட அவள் அதுவரை பல்லைக் கடித்துத் தாங்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சொல்லுக்குத்தான் கண்ணை மூடிக்கொண்டாள்.

"போஸ், சண்டை நந்தி லா. ஹோஸ்பிட்டல் டுலு" என்றார் அஸ்மான். சண்டையை அப்புறம் வைத்துக்கொள், முதலில் ஆஸ்பத்திரி என்கிறார். அவர் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நான் எழுதிக் கொடுத்தது

விபத்து நடந்தால் கம்பெனிக்கு அறிக்கை தர வேண்டும். டீச்சருக்கு அந்த நேரத்தில் என்ன நடந்தது என்றே கோர்வையாகச் சொல்ல வரவில்லை. அஸ்மான் அரைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் காதுமூடியோடு நின்றவர், எதையும் கேட்கவில்லை. மிச்சம் நான்தான்.

"தரையில் இருந்த பணியாளர் குரல் கொடுக்காமல் வெட்டும் பகுதிக்குள் நுழைந்தார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் மனதில் அது பொய்யே இல்லை. அதுதான் இன்றுவரை என்னைத் திகைக்க வைக்கிறது. ஒரு மனுஷன் இவ்வளவு உறுதியாக, இவ்வளவு சுத்தமான மனதோடு, நடக்காத ஒன்றை எழுத முடியுமா?

தோள் ஆறினாலும் சாந்தாவை இனி அவர்களுடைய எந்த வேலைக்கும் கூட்டிவரக் கூடாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. அந்தச் செய்தியை நான் அஸ்மானிடம் சொல்லி அனுப்பினேன். நேரில் போகவில்லை.

மூன்று வாரம் கழித்து டீச்சர் போன் செய்தார். லைன் சரியில்லை என்று இரண்டு முறை சொன்னேன். அவர் பொறுமையாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"மகன் வாசல்ல கேமரா போட்டிருக்கான் தம்பி. சிங்கப்பூர்லேர்ந்து இப்பதான் எடுத்து அனுப்பினான். உனக்கும் அனுப்புறேன். மொதல்ல பாரு. அப்புறம் பேசலாம்."

வீட்டு ஹாலில் உட்கார்ந்து பார்த்தேன். மரம், என் கால்கள், வேலியோரம் சாந்தா. "போடப் போறேன்" என்கிற என் குரல். தூரத்தில் அஸ்மானின் மெஷின். பக்கக் கதவைத் திறந்துகொண்டு டீச்சர் வருகிறார். சாந்தா என்னைப் பார்த்துக் கையை ஆட்டுகிறாள், வாயைத் திறக்கிறாள். மூடுகிறாள். மறுபடியும் திறக்கிறாள். ஓடுகிறாள். கிளை விழுகிறது.

வாய் திறந்ததே தவிர, குரல் இல்லை.

கேமராவில் குரல் பதியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், அதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. சரி, இது எதையும் நிரூபிக்கவில்லை என்று. சத்தத்தை முழுக்கக் கூட்டி மறுபடியும் ஓடவிட்டேன்.

அடுப்படியிலிருந்து வசந்தி மாவுக் கையோடு ஓடிவந்தாள்.

"யாருங்க அது, இந்த அலறு அலறுது?"

"எது?"

"போன்லதான். ஒரு பொம்பள 'அண்ணே, நில்லுங்க'ன்னு கத்துதே."

நான் அவளைப் பார்த்தேன். மறுபடி ஓடவிட்டேன். "அந்தக் குரல் வரும்போது சொல்லு" என்றேன்.

"இப்ப," என்றாள் வசந்தி. திரையில் சாந்தாவின் வாய் திறந்தது.

"இப்ப." சாந்தா ஓடத் தொடங்கினாள்.

"இப்ப, ஐயோ." கிளை விழுந்தது.

எனக்கு வசந்தியின் "இப்ப" கேட்டது. அவள் பக்கத்தில் நின்றதால், அவள் உதடு தெரிந்ததால் கேட்டது. சாந்தாவின் குரல் அந்த மூன்று முறையும் ஒரு காற்றாகக்கூட வரவில்லை. போனை மடியில் வைத்தேன்.

"உங்களுக்கு இது கேக்கலையா?" என்றாள் வசந்தி. அவள் மெதுவாக எதிர்நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் கூப்பிட்டாக்கூட ரொம்ப நாளா நீங்க திரும்புறதே இல்ல. எம்மேல ஏதோ கோவம், சொல்ல மாட்டேங்கிறீங்கன்னு நெனைச்சிட்டிருந்தேன்."

அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டுவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே வீட்டில் இருவரும்.

கண்ணாடி அறைக்குள்

பிரிக்பீல்ட்ஸில், மாலை கட்டும் கடைகளுக்கு மேல் மாடியில், காது பார்க்கும் இடம் ஒன்று இருக்கிறது. கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஒன்றை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும்.

முதலில் தடித்த ஒலிகள். அழுத்தினேன், அழுத்தினேன். பிறகு ஒலிகள் மெலிந்தன. பிறகு எதுவுமே வரவில்லை. சோதனை முடிந்துவிட்டது என்று நினைத்து நிமிர்ந்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதனை செய்யும் பெண் இன்னும் விசைகளைத் திருப்பிக்கொண்டேதான் இருந்தாள்.

வெளியே வந்ததும் காகிதத்தைக் காட்டினாள். கோடு பாதிவரை சமமாகப் போய், மலைச்சரிவு மாதிரி விழுந்திருந்தது.

"ஆம்பளைங்க குரல் ஓரளவு கேக்கும் அங்கிள். மெல்லிசான குரல், லேடீஸ், சின்ன பிள்ளைங்க, அதுதான் மொதல்ல போகும். தூரமா இருந்தா சுத்தமா கேக்காது. வேலையில காதுமூடி போட மாட்டீங்களா?"

"போட மாட்டேன்."

"ஏன்?"

"கீழ கூப்பிடுறது கேக்கணும்னு."

எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் கம்பெனி ஆபீசுக்குப் போய் என் அறிக்கையைத் திரும்பப் பெற்று, புதிதாக எழுதிக் கொடுத்தேன். வீடியோவையும் அந்தக் காகிதத்தையும் மேனேஜர் மாறி மாறிப் பார்த்தார். "அப்படியானால் இவ்வளவு நாளும் காது கேட்காமலா மேலே நின்றீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். சாந்தா மேல் போட்ட தடையை எடுத்தார். மரம் ஏறுகிறவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்தார். இரண்டும் நியாயம்தான்.

சாந்தாவின் வீட்டில்

அன்று மத்தியானமே தெலுக் பங்லிமா காராங்குக்குப் போனேன். அவள் கணவர் கதவைத் திறந்தார், உட்காரச் சொல்லவில்லை. சாந்தா கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். புதிய அறிக்கையைக் கொடுத்தேன். ஒற்றைக் கையால் பிடித்து முழுக்கப் படித்தாள். காது பரிசோதனைக் காகிதத்தையும் பார்த்தாள்.

"இது தெரியாமத்தான் நடந்துச்சு," என்றேன். "மன்னிச்சிரு சாந்தா."

அவள் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. அதையும் அவளிடமே சொன்னேன்: "கேக்கல. கொஞ்சம் சத்தமா சொல்லு."

அவள் கிட்டே வந்து என் எதிரில், முகம் தெரியும்படி நின்றாள்.

"தோளு ஆறிடும் அண்ணே. கேக்கலன்னா அது உங்க தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நான் பொய் சொல்றேன்னு சொன்னீங்க. கீழ கெடந்தேன். டீச்சர் இருந்தாங்க, அஸ்மான் இருந்தாரு. அவங்க முன்னாடி சொன்னீங்க. இந்த பேப்பரு எனக்கு எதுக்கு? அவங்க முன்னாடி வந்து சொல்லுங்க."

சனிக்கிழமை நால்வரும் டீச்சர் வீட்டு வாசலில் நின்றோம். பாதி வெட்டிய அங்சானா அப்படியே நின்றது. வெட்டுவாயில் சிவப்புப் பால் காய்ந்து கறுத்திருந்தது. டீச்சர் தே ஓ, அதாவது பால் இல்லாத டீ, கலந்து கொண்டுவந்து வைத்தார். யாரும் எடுக்கவில்லை.

"சாந்தா மூணு தடவ கூப்பிட்டா," என்றேன். "எனக்குத்தான் காது கேக்கல. அன்னைக்குப் பொய் சொன்னது நான்."

இவ்வளவுதான். வண்டியில் வரும்போது இன்னும் நிறைய யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இவ்வளவுதான். அஸ்மான் குனிந்து சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் சாந்தாவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டார். "நானும் அந்தக் கத்தலக் கேட்டேன்மா. நீ மேல இருக்கிறவர கூப்பிடுறேன்னு நெனைச்சு நடந்துட்டேன்" என்று அழுதார்.

சாந்தா டம்ளரை எடுத்து ஒரு மடக்கு குடித்தாள். பிறகு மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். "இதை இப்படியே விட முடியாது டீச்சர், அந்தக் கிளை கூரையில எறங்கிரும்" என்றாள்.

தோள் ஆற நான்கு மாதம் ஆனது. அதுவரை அந்தக் கிளையை இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டி வைத்திருந்தோம். அவள் திரும்பி வந்தபோது ஒரு நிபந்தனையோடு வந்தாள்: தரை அவள் பொறுப்பு. மேலே யார் ஏறினாலும் ஹெல்மெட்டுக்குள் பேசும் ரேடியோ இருக்க வேண்டும், காதுமூடி இறங்கியிருக்க வேண்டும், அவள் வாயால் சொல்லாமல் வாள் ஓடக் கூடாது. நான் ஒப்புக்கொண்டேன். ஏறுவதற்கு வேறு ஆள் வைத்தேன்.

டீச்சர் வீட்டில் மிச்ச வேலையை முடித்த அன்று, நான் முதன்முறையாக இரும்பு உருளைக்குப் பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காதுக்குள், கேட்க உதவும் புது மெஷின் இருந்தது. இலை உரசுவதெல்லாம் தகரம் கிழிவது மாதிரி கேட்டது, எது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே புரியவில்லை. சாந்தா அதைப் பார்த்துவிட்டாள். மேலே இருக்கிறவரோடு ரேடியோவில் பேசிக்கொண்டே வந்து எனக்குப் பின்னால் நின்றாள்.

கிளை முறிந்தது, கயிறு இறுகியது. அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. பிறகு, விடச் சொல்கிறாள் என்று புரிந்து கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். கிளை கூரையைத் தொடாமல் புல்லில் வந்து படுத்தது.

இப்போதும் அப்படித்தான் வேலை செய்கிறோம். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு தட்டு. பழகிவிடும் என்றாள். இன்னும் பழகவில்லை, ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டுத்தான் திரும்புகிறேன்.